குறித்த வயது வரை

அரசாங்கத்துக்கு ஒரு சாதாரண மனிதர் தேவைப்பட்டார்.

நினைத்த அளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் பதிலுக்குக் கேள்வி கேட்டார். ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் பாதியிலேயே அழுதுவிட்டார். தபால்காரர் ஒருவர், சொல்வதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். கடைசியில், தலைமை அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் ஓட்டி முந்தைய வருஷம்தான் ஓய்வு பெற்ற ஒருவரை யாருக்கோ ஞாபகம் வந்தது. பெயர் ஞாபகம் வரவில்லை. பெயர் யாருக்கும் தெரியாது. லிஃப்ட்காரர் என்றால் தெரியும். அத்தனை வருஷத்தில் மாடியின் எண்ணைத் தவிர வேறொரு சொல் அவர் வாயிலிருந்து வந்து கேட்டதில்லை என்று மூன்று துறைகள் எழுத்து மூலம் சான்றளித்தன.

விஷயம் இதுதான். அரசு ஊழியர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு மாதாமாதம் அரசாங்கமே ஓய்வூதியம் கொடுத்து வந்தது. அந்தப் பொறுப்பைத் தனியார் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைக்கலாமா என்று விவாதம். ஒப்படைப்பது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. விவாதம் மட்டும்தான் பாக்கி. அதற்காக மக்கள் கருத்துக் கேட்புக் குழு என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். அந்தக் குழுவின் முன்னால் ஒரு சாதாரண மனிதர் வந்து நின்று, எனக்குச் சம்மதம் என்று சொல்ல வேண்டும்.

கார் வந்து தெருவில் நின்று, கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. லிஃப்ட்காரரின் மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"உங்ககிட்ட என்னத்தக் கேக்கப் போறாங்க?"

"கருத்து கேக்கறாங்களாம்."

"உங்களுக்கு ஏது கருத்து?"

"அதையும் அவங்களே தர்றாங்களாம்."

பயிற்சி மூன்று நாள் நடந்தது. நடத்தியவர் துணைச் செயலாளர். பதினோரு வருஷம் அதே லிஃப்ட்டில் ஏழாம் மாடிக்குப் போய்வந்தவர்தான். அந்தப் பதினோரு வருஷமும் "ஏப்பா, ஏழு" என்பதற்கு மேல் பேசியதில்லை. இப்போது வாசல் வரைக்கும் எழுந்து வந்தார்.

"வாங்க ஐயா. உக்காருங்க ஐயா."

கைப்பிடி வைத்த நாற்காலி. லிஃப்ட்டுக்குள் அவருக்கு இருந்தது ஒரு முக்காலி. அதிலும் மேலதிகாரி ஏறினால் எழுந்து நிற்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. ஒரு பெண் தட்டில் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு "எடுத்துக்கங்க ஐயா" என்றார். அந்த மூன்றாவது ஐயாவில் மனிதர் விழுந்துவிட்டார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று பிற்காலத்தில் அவரே கண்டுபிடித்தார்.

"பென்ஷன்னா என்னன்னு நினைக்கறீங்க ஐயா?" துணைச் செயலாளர் கேட்டார்.

"உழைக்க முடிஞ்ச காலத்துல பிடிச்சு வெச்சத, உழைக்க முடியாத காலத்துல திருப்பித் தர்றதுங்க."

அறையில் ஒரு சங்கடம் பரவியது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு ஐயா. சாதாரண மனுஷங்க இப்படிப் பேச மாட்டாங்க. நீங்க இப்படிச் சொல்லுங்க: ஓய்வூதியம் என்பது உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு வாய்ப்பு."

சொன்னார்.

"முதுமை என்பது நீண்டுகொண்டே போகும் ஓர் இடர்."

அதையும் சொன்னார். இடர் என்பதைக் காலில் ஏதோ இடறிய மாதிரி சொன்னார் என்று மூன்று முறை திருத்தினார்கள்.

இரண்டாம் நாள் சட்டையில் சிக்கல் வந்தது. மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைத்தான் போட்டு வந்திருந்தார். சாதாரண மனிதரின் சட்டையில் மடிப்புக் கலையாமல் இருக்கலாமா என்பதை ஆராய மூன்று பேர் கொண்ட துணைக் குழு பக்கத்து அறைக்குப் போய் ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. சட்டையைக் கழற்றி வாங்கி, ஒரு ஊழியரைக் கொண்டு நன்றாகக் கசக்கி, மறுபடி போட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். சட்டை வரும்வரை அவர் பனியனோடு ஏர்கண்டிஷனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அப்போதும் எல்லோரும் அவரை ஐயா என்றுதான் அழைத்தார்கள்.

மூன்றாம் நாள், உரையில் எந்த இடத்தில் தொண்டை கரகரக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லி ஒரு படமும் எடுத்தார்கள். கிளம்பும்போது அவர் தயங்கி நின்றார்.

"ஐயா, இதுல ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலீங்க…"

துணைச் செயலாளர் அன்போடு அவர் தோளில் கை வைத்தார்.

"புரியாத வரைக்கும்தான் ஐயா நீங்க சாதாரண மனுஷர். அதைக் கெடுத்துக்காதீங்க."

கருத்துக் கேட்பு நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் கம்பெனி ஆட்கள். கடைசி வரிசையில் ஓய்வூதியதாரர்கள் சிலர். அவர்களில் ஒருவர், தலைமை அலுவலகத்தின் நாலாம் மாடியைப் பெருக்கித் துடைத்து ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். நாலாம் மாடி அக்கா என்று சொல்வார்கள். தண்ணீர் வாளியை லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்று விதி. யாரும் இல்லாத நேரம் பார்த்து லிஃப்ட்காரர் வாளியையும் அக்காவையும் மேலே கொண்டுபோய் விடுவார். அந்தப் பழக்கம். "நம்ம தம்பி பேசுதாம்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார் அக்கா.

குழுத் தலைவர் எழுந்தார். முன்னாள் மந்திரி. குரலுக்குப் பேர் போனவர்.

"மக்களின் கருத்தைக் கேட்காமல் நாங்கள் எதையும் செய்வதில்லை. செய்து முடித்த பிறகாவது கேட்டுவிடுகிறோம். இந்தத் திட்டத்தில் சட்டசபை உறுப்பினர்களும் உயர் அதிகாரிகளும் சேர்க்கப்படவில்லையே, ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பழைய முறை எவ்வளவு மோசமானது என்று எடுத்துச் சொல்ல, அதை அனுபவிக்க யாராவது இருக்க வேண்டாமா? அந்தச் சுமையை மக்கள் தலையில் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நாங்களே சுமக்கிறோம்."

கைத்தட்டல். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்து எதிர்க்கட்சி உறுப்பினர். மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டுவிட்டுத்தான் தொடங்கினார்.

"இது அநியாயம்! ஏழைகளின் வயிற்றில் அடிக்கும் செயல்! நாங்கள் ஆட்சியில் இருந்தபோது இதே திட்டத்தை எவ்வளவு மனிதாபிமானத்தோடு தீட்டி வைத்தோம்! கோப்பின் அட்டை கூடப் பச்சை நிறம். அதை நீலமாக மாற்றி, எங்களுக்கு வேண்டிய கம்பெனியை நீக்கிவிட்டு, தங்களுக்கு வேண்டிய கம்பெனியை நுழைத்திருக்கிறார்கள். கொள்கை எங்கே போயிற்று?"

அதன் பிறகு சாதாரண மனிதரை அழைத்தார்கள். லிஃப்ட்காரர் கசங்கிய சட்டையோடு மைக் முன்னால் நின்று தாளைப் பார்த்து வாசித்தார். உறங்கும் வாய்ப்பு, நீளும் இடர் எல்லாம் தடையில்லாமல் வந்தன. கரகரக்க வேண்டிய இடத்தில் தொண்டை உண்மையாகவே கரகரத்தது. முடித்துத் தாளை மடிக்கும்போது எதிர்க்கட்சி உறுப்பினர் கை தூக்கினார்.

"பெரியவரே, ஒரே ஒரு கேள்வி. நீங்க வாசிச்சது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

அன்று அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். பதிலும் லிஃப்ட்காரருக்குத் தெரியும். இல்லை. ஒரு வரி கூடப் புரியவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு இறங்கி வந்திருக்கலாம். ஆனால் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று அவருக்காகப் பின்னால் காத்திருந்தது. அத்தனை பேர் முன்னால், புரியாத ஆள் என்று தெரிந்துவிடுமே என்று கூசியது.

"புரிஞ்சுதுங்க" என்றார்.

"அப்ப எனக்கு மட்டும்தான் புரியல போலிருக்கு" என்று எதிர்க்கட்சி உறுப்பினர் உட்கார்ந்துவிட்டார். மண்டபமே சிரித்தது. கடைசி வரிசையில் நாலாம் மாடி அக்கா எழுந்து நின்று கை தட்டினார். எல்லோரும் ஓய்ந்த பிறகும் அந்த ஒரு கைத்தட்டல் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது.

சட்டம் நிறைவேறியது. இரண்டு மாதத்தில் எல்லா ஓய்வூதியதாரர் வீட்டுக்கும் கம்பெனியிலிருந்து படிவம் வந்தது. படிவத்தில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டம், வாழ்நாள் முழுவதும். அதில் டிக் போட்டால் மாதம் வருவது முன்பைவிடக் குறையும். ஆனால் சாகும்வரை வரும். இரண்டாவது கட்டம், குறித்த வயது வரை. எழுபதோ எழுபத்தைந்தோ எண்பதோ, நாமே ஒரு வயதைக் குறிக்க வேண்டும். மாதம் வருவது கூடும். குறித்த வயதோடு நின்றுவிடும். இரண்டாவது கட்டத்துக்குப் பக்கத்தில் லிஃப்ட்காரர் பேனாவோடு சிரித்துக்கொண்டிருந்தார். பேனாவின் முனை அந்தக் கட்டத்தைக் காட்டியது. படத்தின் கீழே, "நான் துணிந்துவிட்டேன். நீங்கள்?"

தான் எப்போது துணிந்தோம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. தன்னுடைய படிவத்தை எடுத்துக்கொண்டு மனைவி முன்னால் உட்கார்ந்தார்.

"எழுபத்தஞ்சுன்னு போட்டா மாசம் ஒன்றரை மடங்கு வருமாம்."

"எழுபத்தஞ்சுக்கு அப்புறம்?"

"அதுக்குத் தனியா ஒரு கையேடு வருமாம்."

"கையேட்ட வெச்சு என்ன செய்யறது, கொதிக்க வெச்சுக் குடிக்கறதா? பேசாம முதல் கட்டத்துல டிக் போடுங்க."

"என் படமே இந்தப் பக்கம் இருக்கே."

"படம் சாப்பிடாது. நீங்க சாப்பிடணும்."

முதல் கட்டத்தில் டிக் போட்டு, ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நாலாம் மாடி அக்கா வந்தார். படிவத்தை மடித்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். மனைவி கடைக்குப் போயிருந்த நேரம்.

"தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாது, உங்களுக்கே தெரியும். நீங்க இருக்கும்போது நான் யார்கிட்டப் போயிக் கேக்கறது? உங்க படமே இதுல இருக்குதே. எதுல கோடு போடட்டும்?"

லிஃப்ட்காரர் படிவத்தை வாங்கினார். அவர் முகமே அவரைப் பார்த்துச் சிரித்தது. அக்காவுக்கு அப்போது அறுபத்தாறு.

"உங்க வீட்டுல பெரியவங்கல்லாம் எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க அக்கா?"

"எங்க அம்மா அறுபத்து மூணுல போயிட்டாங்க. பெரியக்காவும் அதே கணக்குதான். எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் அறுபத்தெட்டத் தாண்டுனதில்ல தம்பி. எனக்கும் மூட்டு ரெண்டும் போயிருச்சு. நீங்க எதுல போட்டீங்க?"

தெருவில் யாரோ தகர டப்பாவை உதைத்துக்கொண்டு போனார்கள்.

"ரெண்டாவதுலதான் அக்கா. அதுலதான் மாசம் கூட வரும்."

"அப்ப எனக்கும் அதுலயே போடுங்க. எழுபது போதுமில்ல? ரெண்டு வருஷம் கூடவேதான் போட்டிருக்கேன்" என்று அக்கா சிரித்தார்.

எழுபது என்று லிஃப்ட்காரரே எழுதினார். அக்கா கைநாட்டு வைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "மேடையில அன்னைக்கு எவ்வளவு நல்லாப் பேசுனீங்க! ஒண்ணும் புரியல, ஆனா கண்ணுல தண்ணி வந்திருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் எதிர்பார்க்காத ஒரு விபரீதம் அதன் பிறகுதான் நடந்தது. மாதம் கூடுதலாக வந்த பணத்தில் அக்கா ஜன்னல் வைத்த ஒரு அறைக்குக் குடிபோனார். முட்டையும் பழமும் சாப்பிட்டார். மூட்டுக்கு நல்ல டாக்டரைப் பார்த்தார். நடக்கச் சொன்னார்கள், நடந்தார். இரண்டே வருஷத்தில் உடம்பு தேறி, கன்னத்தில் சதை பிடித்து, அறுபத்தெட்டை ஒரு தும்மல் கூட இல்லாமல் தாண்டினார். காலை நேரத்தில் லிஃப்ட்காரரைத் தெருவில் பார்த்தால் தூரத்திலிருந்தே கை காட்டுவார்.

"எல்லாம் உங்களாலதான் தம்பி! இப்பல்லாம் மாடிப்படியே ஏறுறேன்!"

லிஃப்ட்காரர் கடைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார். சுற்றுவழிதான், இருபது நிமிஷம் கூட ஆகும். அங்கேயும் அக்கா ஒரு நாள் எதிரே வந்துவிட்டார். நடைப்பயிற்சியின் தூரத்தைக் கூட்டியிருந்தாராம்.

அறுபத்தொன்பது முடியப் போகிற சமயத்தில் ஒரு காலை, மருந்துக்கடை வாசலில் அக்கா இருமியது லிஃப்ட்காரரின் காதில் விழுந்தது. நின்று திரும்பிப் பார்த்தார். இரண்டாவது இருமல் வருகிறதா என்று காத்திருந்தார். வரவில்லை. ஏதோ ஏமாற்றமாக இருந்தது. என்ன ஏமாற்றம் என்று யோசித்தவருக்கு அது உறைத்தபோது உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

அக்காவுக்கு எழுபது முடிந்த மாதத்தில் பணம் வரவில்லை. "கம்பெனிக்கு ஒரு தடவை என்கூட வாங்க தம்பி, அங்க எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். போனார்கள்.

கம்பெனியின் வரவேற்பறை பளபளவென்று இருந்தது. அக்காவின் எண்ணைக் கணினியில் தட்டிய பெண் முகம் மலர்ந்து எழுந்தார். மேசையில் இருந்த ஒரு சின்ன மணியை அடித்தார். மற்ற ஊழியர்களும் எழுந்து கை தட்டினார்கள்.

"வாழ்த்துகள்மா! உங்க திட்டம் வெற்றிகரமா நிறைவடைஞ்சிருக்கு!"

கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அக்கா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இந்த மாசப் பணம் எப்பம்மா வரும்?"

"இனிமே வராதும்மா. மாசம் பொறந்தா வருமா வருமான்னு காத்திருக்கற தொல்லையே உங்களுக்கு இல்லை."

அக்கா லிஃப்ட்காரரைப் பார்த்தார். லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். நல்ல தரை, முகம் தெரிந்தது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கம்பெனியின் மூத்த ஆலோசகர் வந்தார். பழைய துணைச் செயலாளர்தான். ஓய்வு பெற்ற மறுநாளே இங்கே சேர்ந்துவிட்டார். அரசாங்க ஓய்வூதியமும் பழைய முறைப்படி வந்துகொண்டிருந்தது. சுமை, என்ன செய்வது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எழுபது வரைக்கும் தர்றோம்னு சொன்னோம், ஒரு மாசம் தவறாமத் தந்தோம். நாங்க சொன்ன சொல்லைக் காப்பாத்தினோம். எழுபதுன்னு எழுதிக் கொடுத்தது நீங்க. உங்க பங்குக்கு நீங்களும் அதைக் காப்பாத்தணும் இல்லையா?" குரலில் வருத்தம் உண்மையாகவே இருந்தது. "உங்க கோப்பப் பார்த்தேன். குடுத்த பணத்தையெல்லாம் உடம்புக்கே செலவு பண்ணியிருக்கீங்க. அதான் பிரச்சினை. சரி, ஆயுள் நீட்டிப்புப் பரிசீலனைக் குழுன்னு ஒண்ணு இருக்கு. விண்ணப்பம் போடுங்க."

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வாசல் ஓரமாக இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லிஃப்ட்காரர் பேனாவை எடுத்தார். முதல் கேள்வியை வாசித்தார்.

"குறித்த வயதைக் கடந்தும் வாழ்வதற்கான காரணம்."

அக்கா வெகுநேரம் யோசித்தார். "என்னன்னு எழுதறது தம்பி? வேணும்னு செய்யலன்னு எழுதுங்க."

எழுதினார். அடுத்த கேள்வி, எவருடைய ஆலோசனையின் பேரில் வயது குறிக்கப்பட்டது என்று இருந்தது.

"அதை விடுங்க" என்றார் அக்கா. "யாரும் சொல்லலன்னு போடுங்க. நான் சாகாம இருந்ததுக்கு உங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு? எனக்கே வெக்கமா இருக்குது தம்பி."

லிஃப்ட்காரர் பேனாவை மூடினார்.

"அக்கா, நான் எனக்கு முதல் கட்டத்துலதான் போட்டேன். வாழ்நாள் முழுக்கன்னு."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னார்.

"அப்ப எனக்கு ஏன் எழுபதுன்னு எழுதுனீங்க?"

"என் படம் போட்டிருந்தாங்க அக்கா. அந்தப் பக்கம்."

"படத்துக்காகவா?"

அதற்கு மேல் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. அவர் கையிலிருந்து விண்ணப்பத்தை உருவி, நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். சான்றிதழ் பெஞ்சிலேயே கிடந்தது.

மறுநாள் அக்கா வீட்டுக்கு வந்தார். லிஃப்ட்காரர் உள்ளே இருக்கும்போதே, வாசலில் நின்று அவர் மனைவியிடம் விண்ணப்பத்தை நீட்டி எழுதித் தரச் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு யார் பெயரைப் போட வேண்டும் என்றும் சொன்னார். மனைவி எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து மூன்று நாள் வீட்டில் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

விண்ணப்பத்தில் பெயர் இருந்ததால் பரிசீலனைக் குழு லிஃப்ட்காரரையும் சாட்சியாக அழைத்தது. தலைவர் பழைய தலைவரேதான். அக்கா ஒரு ஓரத்தில் நின்றார். லிஃப்ட்காரருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணுங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி மண்டபத்துல, வாசிச்சது புரிஞ்சுதான்னு கேட்டாங்க. புரிஞ்சுதுன்னு சொன்னேன். அது பொய்ங்க. ஒண்ணுமே புரியல. புரியாமயே இவங்களுக்கும் எழுதிக் குடுத்தேன். எனக்கு மட்டும் வேற மாதிரி போட்டுக்கிட்டேன். தப்பு என்னோடதுங்க. இவங்களுக்குப் பணம் வர வழி பண்ணுங்க."

முப்பத்து நாலு வருஷமும் சேர்த்துக்கூட அவர் இவ்வளவு பேசியிருக்க மாட்டார். இப்போது ஏதோ பெரிதாக நடக்கும், யாராவது கத்துவார்கள், தன்னைப் பிடித்துப் போவார்கள் என்று எதிர்பார்த்தார். அப்படி நடந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்குப் போயா இவ்வளவு சங்கடப்படறீங்க? எனக்கும்தான் புரியல. சட்டத்துல முதல் கையெழுத்தே என்னுடையதுதான். புரிஞ்சிருந்தா போட்டிருப்பேனா?"

உறுப்பினர்கள் ஆமோதித்தார்கள். தனக்கு இன்று வரை புரியவில்லை என்று ஒருவர் பெருமையோடு சொன்னார். அவ்வளவும் நடவடிக்கைக் குறிப்பில் முறைப்படி பதிவாயிற்று. அந்த அறையில் இருந்த பத்துப் பேரில் தலை குனிந்து நின்றவர்கள் இரண்டு பேர்தான்.

"கோரிக்கையை ஏற்க விதியில் இடமில்லை" என்று தலைவர் தீர்ப்பைச் சொன்னார். "ஆனால் நாங்கள் இரக்கமில்லாதவர்கள் அல்ல. இந்த அம்மாவுக்கு எழுபது வயதிலும் நல்ல ஆரோக்கியம் இருப்பதாகத் தெரிகிறது. கம்பெனி அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்க ஆள் தேவைப்படுகிறது. ஓய்வு பெற்றவருக்கே மீண்டும் வேலை! இதைவிடப் பெரிய சமூகப் பாதுகாப்பு எந்த நாட்டில் இருக்கிறது?"

அக்கா முதல் முறையாக வாயைத் திறந்தார். "எத்தனை வயசு வரைக்குங்க?"

"அதுக்கு வயசு வரம்பே கிடையாதும்மா" என்று தலைவர் மனம் நிறைந்து சிரித்தார். "வாழ்நாள் முழுவதும்."

அக்கா அடுத்த வாரமே வேலையில் சேர்ந்தார். வேறு வழியில்லை. ஜன்னல் வைத்த அறையைக் காலி செய்துவிட்டு, தெருக்கோடியில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறைக்கு மாறினார். லிஃப்ட்காரர் தன் ஓய்வூதியத்தில் பாதியை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அக்கா கதவைத் திறந்து, உறையைப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டார். ஓசையில்லாமல்தான் சாத்தினார்.

வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கணவரை மனைவி பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினோராம் நாள் பொறுமை போய்விட்டது.

"வீட்டுக்குள்ள உக்காந்து வெக்கப்பட்டு யாருக்கு என்ன லாபம்? எங்கயாவது வெளிய போயி வெக்கப்படுங்க. நாலு பேருக்காவது உபயோகமா இருக்கும்."

எங்கே போவது என்று அவர் யோசித்தார். புதிதாக ஓய்வு பெறுகிறவர்கள் படிவத்தை நேரில் கொடுக்க வியாழக்கிழமை தோறும் கம்பெனிக்கு வருவார்கள். அடுத்த வியாழன் காலையில் லிஃப்ட்காரர் அந்த வாசலில் போய் நின்றார். படிவத்தோடு படி ஏறிய ஒவ்வொருவரிடமும், "முதல் கட்டத்துல போடுங்க. வாழ்நாள் முழுக்கன்னு போடுங்க" என்றார். பெரும்பாலானவர்கள் விலகிப் போனார்கள். ஒருவர் சில்லறை நீட்டினார். காவலாளி இரண்டு தடவை கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். மூத்த ஆலோசகர் காரிலிருந்து இறங்கும்போது பார்த்துவிட்டு அடையாளம் தெரியாதவர் போல உள்ளே போய்விட்டார். அடையாளம் உண்மையிலேயே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

அதே வாசலைத்தான் அக்கா பெருக்குவார். லிஃப்ட்காரர் நிற்கும் இடம் வந்ததும் துடைப்பத்தால் தரையில் ஒரு தட்டு தட்டுவார். அவர் தள்ளி நிற்பார். பெருக்கிவிட்டுப் போவார். ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இப்படியே ஏழெட்டு வியாழக்கிழமைகள் போயின.

ஒரு வியாழனன்று ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்தார். மற்றவர்களைப் போல விலகாமல் நின்று, லிஃப்ட்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"உள்ள எல்லாரும் ரெண்டாவதுதான் நல்லதுங்கறாங்க. நீங்க ஏன் வேற மாதிரி சொல்றீங்க? நீங்க யாரு?"

லிஃப்ட்காரர் யார் என்று சொல்லத் தொடங்கினார். லிஃப்ட், மண்டபம், படம் என்று ஏதேதோ சொல்ல வந்து, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் உளறினார். டிரைவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் திரும்பினார்.

"ஏம்மா, இந்த ஆளு சொல்றத நம்பலாமா?"

துடைப்பம் நின்றது. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். என்ன சொன்னாலும் அது நியாயம்தான் என்று தயாராக நின்றார்.

அக்கா நிமிரவில்லை. படிக்கட்டு மூலையில் ஒதுங்கியிருந்த குப்பையை முன்னால் இழுத்துக்கொண்டே சொன்னார்.

"இப்ப சொல்றத நம்பலாம்."